வளையலும் சாக்பீஸும் போதும்: சிறு பிள்ளைகளோடு முதல் ரமலான்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரமலான் அலங்காரப் பொருட்கள் அடங்கிய பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பொன்னிறப் பிறை, நட்சத்திரத் தோரணம், காற்றடைத்தால் எழுந்து நிற்கும் ஒட்டகம் என எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் நோன்பன்றே ஒட்டகம் காற்றிறங்கிப் படுத்துக்கொண்டது. அதற்குள், அப்போது நான்கு வயதான என் இளையவன், ரமலான் என்பது ஒட்டகத்தின் பிறந்தநாள் என்று முடிவுகட்டிவிட்டான்.

அதே வாரம் அவனை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் மேற்கே பிறையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நிலா ஏன் மல்லாந்து படுத்திருக்கிறது? நம் வீட்டுச் சுவரில் நிற்கிறதே?" என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். கிருஷ்ணகிரி பூமத்திய ரேகைக்கு அதிகத் தொலைவில் இல்லாததால், மாசி, பங்குனி மாதங்களில் இளம்பிறை நம் வானத்தில் கிண்ணம் போல, தோணி போலக் கிடக்கும். கடையில் விற்கும் பிறைகளெல்லாம் செங்குத்தாக நிற்பவை. காசு கொடுத்து வாங்கிய பெட்டி ஒரு வாரத்தில் சொல்லாததை, மாடியில் கழிந்த ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தது. அன்றிலிருந்து ரமலானுக்கென்று அலங்காரம் எதையும் நான் வாங்குவதில்லை.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்து, ரமலானை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள் நோன்பைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, தாமும் ஏதாவது செய்யலாமா என்று நினைக்கும் அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இது உதவும். எங்கள் வீட்டில் உருது பேசுவோம். தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும். அதனால் ஒரே விஷயத்துக்குப் பிள்ளைகளிடம் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். நோன்பை ரோஜா என்பார்கள், பெருநாளை ஈத் என்பார்கள். திருத்த வேண்டாம். எல்லாச் சொற்களும் அவர்களுடையவையே.

பிறை தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே

ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தின் கடைசி வாரத்தில் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, "இதை நிரப்புங்கள்" என்று சொல்லுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் முதல் தேவை. நம் ஊரில் எந்த வீட்டிலும் அவற்றுக்குப் பஞ்சமில்லை. தடித்த, பளபளப்பான அந்த அட்டையைவிட நல்ல கைவேலைத் தாள் கடையில் கிடைக்காது. ஒரு பெரிய கறுப்புத் தாள், வெள்ளை சாக்பீஸ், அம்மாவின் பழைய வளையல் ஒன்று, தையல்காரரிடம் கேட்டு வாங்கிய துண்டுத்துணி, மீந்த கம்பளி நூல், மூடியுள்ள டப்பா ஒன்று, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை ஆகியவையும் வேண்டும். பெருநாள் துணி எடுக்கப் பர்கூர் போகிறவர்கள் அங்குள்ள ஜவுளிக் கடைகளில் கேட்டால் வெட்டுத் துண்டுகள் கிடைக்கலாம். நான் இரண்டு முறை கேட்டேன், ஒரு முறை கிடைத்தது.

பசையை வீட்டிலேயே காய்ச்சிவிடலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிளறினால் போதும். கெட்டுப்போகாமல் இருக்க அதில் மயில்துத்தம் போடும் வழக்கம் சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் உண்டு. பிள்ளைகள் விரலை நக்கும் வீட்டில் அது கூடவே கூடாது, அது நஞ்சு. மூன்று நாளைக்கு ஒருமுறை புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டை, மணி எல்லாம் உயரத்தில் இருக்கட்டும். பொத்தான் வடிவப் பேட்டரி போட்ட சின்ன மின்விளக்குகளை இந்த மாதத்தில் பலரும் வாங்குகிறார்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த விளக்கே வேண்டாம்.

பிறைத்தாள்

எல்லாக் கைவேலைகளிலும் இதைத்தான் முதலில் வைப்பேன். நேரமில்லாதவர்கள் மற்ற எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் போதும்.

கறுப்புத் தாளைச் சுவரில் பிள்ளையின் உயரத்துக்கு ஒட்டுங்கள். வளையலை வைத்து சாக்பீஸால் முப்பது வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கோணலாகத்தான் வரும், இருக்கட்டும். முப்பதாவது வட்டத்தை மட்டும் புள்ளிக்கோட்டால் வரையுங்கள். ஏன் என்று கேட்பார்கள். இஸ்லாமிய மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம், பிறை கண்ணில் பட்டால்தான் தெரியும், அதுவரை முப்பதாவது நாள் இருக்குமா இருக்காதா என்று எங்களுக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதில் பிள்ளைகளுக்கு அலாதி மகிழ்ச்சி.

முதல் நாள், சூரியன் மறைந்ததும் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்குக்குப் பின் மலையோ உயரமான கட்டடமோ மேற்கை மறைக்காத மாடிக்குப் போங்கள். சூரியன் மறைந்த இடத்துக்கு மேலே தேடுங்கள். கண்டதை வட்டத்துக்குள் சாக்பீஸால் வரையட்டும். மேகம் மறைத்தால் மேகத்தையே வரையட்டும். ஊகித்து எதையும் நிரப்ப வேண்டாம். இந்தத் தாளுக்கு இருக்கும் ஒரே கண்டிப்பான விதி அதுதான்.

ஏழெட்டு நாளில் நோன்பு திறக்கும் நேரத்தில் அரைநிலா தலைக்கு மேல் நிற்கும். பதினான்கு, பதினைந்தில் சூரியன் மேற்கே இறங்க, முழுநிலா கிழக்கே ஏறும். மாடியில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டிய மாலை அது. அதற்குப் பிறகுதான் சிக்கல். நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும் என்பதால், நோன்பு திறக்கும் இஃப்தார் நேரத்தில் வானம் வெறுமையாக இருக்கும். "நிலா தொலைந்துவிட்டது" என்று என் மூத்தவள் அழுதாள். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்தில் அவளை எழுப்பிக் காட்டினேன். இருபத்தேழாம் நாள் வைகறையில் மெல்லிய கீற்று கிழக்கே நின்றது. மாலையில் மேற்கே தொடங்கியது மாதம் முடியும்போது காலையில் கிழக்கே வந்து நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, சந்திர மாதம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிறையின் வயிற்றுக்குள் நட்சத்திரம் வரைவார்கள். எல்லாப் படங்களிலும் அப்படித்தானே இருக்கிறது. அந்த இடத்தில் நிலவின் இருண்ட பகுதி இருக்கிறது, அதை ஊடுருவி நட்சத்திரம் தெரியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். என் மகன் இன்னமும் வரைகிறான்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள். அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்துவிடும். 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலானும் தொடங்கும். இதைக் கேட்டதும் மூத்தவள், அந்த ஆண்டு பெருநாள் துணி இரண்டு வேண்டும் என்றாள். இரண்டாவது ரமலானின் பெருநாள் 2031க்குப் போய்விடும் என்று விளக்கப்போய், அரைமணி நேரம் நாட்காட்டியோடு உட்கார வேண்டியதாயிற்று. நம் மாவட்டத்தில் கையில் கிடைக்கும் எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. 2025இல் மார்ச் 30 உகாதி, 31 நோன்புப் பெருநாள். எங்கள் எதிர்வீட்டு அக்கா வீட்டில் வேப்பம்பூவும் வெல்லமும், மறுநாள் எங்கள் வீட்டில் ஷீர் குர்மா. ஒரே அமாவாசைக்குப் பின் வந்த இரண்டு பண்டிகைகள். எதிர்வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிறைத்தாளைப் பார்த்து, தங்கள் நாட்காட்டியிலும் நிலவுக் கணக்கு இருக்கிறதென்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கற்களால் ஒரு குகை

ரமலான் ஏன் சிறப்பான மாதம் என்பதற்குப் பிள்ளைகளிடம் சொல்லத் தகுந்த எளிய பதில், குர்ஆன் அருளப்படத் தொடங்கிய மாதம் என்பதுதான். மக்காவுக்கு அருகே ஜபலுந்நூர் என்ற மலை, அதன் உச்சிக்கு அருகில் ஹிரா குகை, அங்கே நபிகளாருக்கு வந்த முதல் சொல் "இக்ரா", அதாவது ஓதுவீராக. பாறையும் பொட்டலுமாக இருக்கும் அந்த மலையை வேறு ஊர்ப் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையைப் பார்த்தே வளர்கிறார்கள். பாறைமேல் பாறை சாய்ந்து இடுக்கு உண்டாவதைப் போகிற வழியெல்லாம் காணலாம்.

ரமலானுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன் ஏதாவது ஒரு குன்றுக்கு அழைத்துப்போங்கள். ஒரு பாறையின் நிழலில் பேசாமல் இரண்டு நிமிடம் உட்கார வையுங்கள். தனிமையில் சிந்திக்க ஒருவர் ஏன் மலைக்குப் போனார் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் கொஞ்சம் பிடிபடும். இறங்கும்போது உள்ளங்கை அளவில் பத்துக் கற்கள் பொறுக்கிக்கொள்ளட்டும். வீட்டில் ஒரு தட்டில் மண் பரப்பி, கற்களை அடுக்கி, மேலே ஒரு தட்டைக்கல் சாய்த்தால் குகை ஆகிவிடும். சரிந்து சரிந்து விழும். பசை வேண்டாம், அடுக்கி அடுக்கியே கற்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் புதிதாகச் செய்பவர்களுக்கும் ஒரு சொல். நபிமார்களுக்கோ மலக்குகள் என்னும் வானவர்களுக்கோ உருவம் வரையவோ பொம்மை வைக்கவோ கூடாது. குகை வெறுமையாக இருக்கட்டும். என் மகன் அதற்குள் ஒரு சிறு துண்டுக் காகிதத்தில் "இக்ரா" என்று எழுதி வைத்தான். எழுத்து தலைகீழாக இருந்தது.

கம்பளிப் பொம்மை, குருவி நோன்பு

பிள்ளைகளைக் கைவேலையில் ஈடுபடுத்துவது புதிய யோசனை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நபித்தோழியர் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் சொன்னதாக புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பன்று தாங்களும் நோன்பிருந்து பிள்ளைகளையும் நோன்பிருக்கச் செய்ததாகவும், அவர்களுக்குக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக்கொண்டு, யாராவது பசியால் அழுதால் அதைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை கவனத்தைத் திருப்பியதாகவும் அதில் சொல்கிறார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் மாலை ஐந்து மணிப் பிரச்சினை இதேதான்!

நீங்களும் கம்பளி நூலிலேயே தொடங்கலாம். நான்கு விரலைச் சேர்த்து நீட்டி, அதன்மேல் நூலை ஐம்பது சுற்றுச் சுற்றுங்கள். கழற்றி, நடுவில் வேறொரு நூலால் இறுக்கிக் கட்டி, இரு முனை வளையங்களையும் கத்தரித்தால் பஞ்சுருண்டை கிடைக்கும். பெரிய உருண்டையும் சிறிய உருண்டையும் சேர்த்துக் கட்டினால் குருவி, முயல், எது வேண்டுமோ அது. கண், மூக்கு வைப்பதை விரும்பாத வீடுகளில் முகமில்லாமலே விடலாம், பிள்ளைகள் அதைக் குறையாக நினைப்பதில்லை. இதை மாலை நாலரை மணிக்குமேல் எடுத்தால்தான் பலன். காலையிலேயே எடுத்துவிட்டால் மாலைக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமை இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது தாமும் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். என் நானி (அம்மாவின் அம்மா) அதற்கு "சிடியா ரோஜா" என்பார். குருவி நோன்பு என்று பொருள். குருவி கொத்துகிற அளவு, ஒரு வேளை மட்டும். சஹருக்கு எழுந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டு, காலைப் பலகாரத்தை விட்டு, நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழத்தோடு திறந்துவிட வேண்டும். ஐந்து, ஆறு வயதுக்கு அதுவே அதிகம். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். முகம் வாடினால், தலை வலிக்கிறது என்றால், காய்ச்சல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்தக் காத்திருப்புக்கு நிழற்குச்சி நல்ல துணை. மாடியில் ஒரு பூந்தொட்டியில் குச்சியை நட்டு, காலை எட்டு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியை சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து, மிகச் சிறிதாகி, மறுபக்கம் நீளத் தொடங்கும்போது லுஹர் நேரம் வந்துவிடும். பிற்பகல் தொழுகையான அஸருக்கும் நிழல்தான் கணக்கு. உச்சி நேர நிழலைக் கழித்துப் பார்த்தால், ஷாஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) நிழல் குச்சியின் நீளத்தை எட்டும்போதும், ஹனஃபியில் இரு மடங்கை எட்டும்போதும் அஸர் தொடங்கும். கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளையும் தொழுகை நேரத்தைத் தானே கண்டுபிடித்துவிடுகிறது. என் மகள் குறித்த கோடுகள் போன ஆண்டு மழையில்தான் அழிந்தன.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "யார் எத்தனை நோன்பு" என்று நட்சத்திரம் ஒட்டும் பட்டியலைச் சுவரில் மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். பத்தாம் நாள் மகள் குளியலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நட்சத்திரம் ஒட்டினாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, அன்றிரவே பட்டியலைக் கழற்றினேன். அவள் அப்படிச் செய்ததற்கு வழி செய்துவைத்தது நான்தான். விருந்தினர் வந்தால் முதலில் பிள்ளையிடம் "எத்தனை நோன்பு வைத்தாய்?" என்றுதான் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நான் முந்திக்கொண்டு, "பிறைத்தாளைக் காட்டு" என்று பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நாற்பதுக்கு ஒன்று, இரு கை நிறைய நான்கு முறை

ஈகையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் ஓர் உண்டியலோடு நின்றுவிடுகிறார்கள். உண்டியல் நல்லதுதான், மண் உண்டியலே வாங்குங்கள், தினம் ஒரு நாணயம் போடட்டும். ஆனால் செல்வத்திலிருந்து கட்டாயமாகக் கொடுக்கும் ஜகாத்தும், பெருநாள் ஈகையான ஃபித்ராவும் கணக்கோடு வருபவை. அந்தக் கணக்கைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம்.

ஜகாத் நூற்றுக்கு இரண்டரை என்று சொன்னால் ஆறு வயதுக்குப் புரியாது. நாற்பதில் ஒன்று என்றால் புரியும். மாசி, பங்குனியில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை வீட்டு வாசல்களில் நடக்கும், கேட்டால் கைநிறையக் கொடுப்பார்கள். நாற்பது கொட்டைகளை எண்ணித் தரையில் வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் தனியே நகர்த்தச் சொல்லுங்கள். இது நம்முடையதே இல்லை, உரியவருக்குக் கொடுக்க வேண்டியது என்று சொல்லுங்கள். "ஒன்றுதானா?" என்று என் மகன் கேட்டான். எண்பது வைத்தான், இரண்டை நகர்த்தினான். நாற்பதை வைத்துக்கொள்பவருக்கு முப்பத்தொன்பது மிஞ்சுவது பிள்ளைக்குக் கண்ணால் தெரிகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் ஓராண்டு கையில் தங்கினால்தான் ஜகாத் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபித்ரா இன்னும் சுவையானது. பெருநாள் தொழுகைக்கு முன், ஏழைகளும் அன்று வயிறார உண்ணும்படி கொடுக்கும் தானியம் அது. அளவு ஒரு ஸாஃ. ஒரு ஸாஃ என்பது நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அரிசி மூட்டையின் முன் பாயை விரித்துப் பிள்ளையின் அப்பாவை நான்கு முறை அள்ளிப் போடச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை தன் கையால் அள்ளி, அதே குவியலை எட்ட எத்தனை முறை வேண்டும் என்று எண்ணட்டும். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் பதினேழு. குவியலைப் பையில் கட்டி மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் இடையில் நிற்கும். ஹனஃபி முறையில் கோதுமையாகக் கொடுத்தால் அரை ஸாஃ என்று கணக்கு. உங்கள் பள்ளிவாசலில் அந்த ஆண்டுக்கு அறிவிக்கும் அளவையோ தொகையையோ கேட்டு அதன்படி கொடுங்கள்.

சம்பாதிக்காத சிறு பிள்ளைக்கும், கைக்குழந்தைக்கும்கூடச் சேர்த்துத்தான் குடும்பத் தலைவர் ஃபித்ரா கொடுக்க வேண்டும். "என் பங்கு எது?" என்று மகன் கேட்டதும் தனிப் பை ஒன்றைக் கட்டிக் கொடுத்தோம். துண்டுத்துணியில் தைத்த சுருக்குப்பை, ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. வழியெல்லாம் அரிசி சிந்திக்கொண்டே போனான்.

கஞ்சித் தூக்கும் அண்டைவீட்டுத் தட்டும்

நோன்புக் கஞ்சியை இங்கே செய்முறையாக எழுதப்போவதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் இருக்கிறது, எதை எழுதினாலும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார். பிள்ளைகளுக்கான வேலையை மட்டும் சொல்கிறேன். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் கல் பார்த்துக் கழுவுவது ஆறு வயதுக்கு. புதினா, கொத்தமல்லி ஆய்வது நான்கு வயதுக்கு. பூண்டு உரிப்பது பொறுமையுள்ள எந்த வயதுக்கும். வெந்தயத்தை எண்ணிப் போடச் சொன்னால் அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

அஸருக்குப் பின் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். தமிழ்நாடு அரசு இந்த மாதத்தில் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்று பச்சரிசி வழங்குகிறது. தூக்குவாளியோடு பிள்ளையை வரிசையில் நிற்க அனுப்புங்கள், நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். தூக்கின் பிடியில் வண்ண நூல் சுற்றி, பெயர் எழுதிய பத்திரிகை அட்டை ஒன்றைக் கட்டிவிடுவது பிள்ளையின் கைவேலை. வரிசையில் எல்லாத் தூக்குகளும் ஒன்றுபோலவே இருப்பதால் இதற்கு உண்மையான பயனும் உண்டு. சூடான கஞ்சியைத் தூக்கி வருவது பெரியவர் வேலை.

வாரத்தில் ஒரு நாள் அண்டைவீட்டுக்குத் தட்டு அனுப்புவதையும் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கத் தெரிய வேண்டும், எலும்போ கறியோ சேர்த்ததா என்பதையும் கேட்காமலே சொல்ல வேண்டும். சைவ வீட்டுக்குத் தனியாகக் கறி சேர்க்காத கஞ்சியை எடுத்துவையுங்கள். தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. எங்களுக்கு ஒருமுறை ராகி உருண்டையும் கீரைக் கடைசலும் வந்தன. அன்று நோன்பு திறந்ததே அதில்தான்.

காகித விளக்கு செய்ய நேரமிருந்தால் செய்யுங்கள். பத்திரிகை அட்டையை நீளவாக்கில் மடித்து, மடிப்பிலிருந்து வெட்டுகள் போட்டு, உருளையாக ஒட்டினால் முடிந்தது. எகிப்தில் ஃபானூஸ் என்று விளக்கேற்றும் வழக்கம் அது, நம் ஊரில் பழைய வழக்கம் இல்லை. அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே மெழுகுவர்த்தி வைக்காதீர்கள்.

தொழுகை விரிப்பைப் பழைய புடவையில் தைக்கலாம். பிள்ளையின் தோள் அகலமும் உயரத்தில் முக்கால் பங்கும் போதும். தைத்ததும் எந்தப் பக்கம் விரிப்பது என்ற கேள்வி வரும். திசைகாட்டியை எடுத்துக் கையில் கொடுங்கள். இங்கிருந்து தொழும் திசையான கிப்லா நேர் மேற்கில்லை, அதிலிருந்து ஏறக்குறைய 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டால் மாதம் முழுவதும் பிள்ளை அந்தக் கோட்டைப் பார்த்தே விரித்துக்கொள்ளும். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முழுவதும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு ரக்அத் நின்றுவிட்டு அதே விரிப்பில் தூங்கிப்போவதும் வழக்கம்தான்.

பெருநாள் இரவு

புள்ளிக்கோட்டு வட்டத்துக்கு வேலை வரும் இரவு இது. 29ஆம் நாள் மாலை பிள்ளைகளோடு மாடிக்குப் போங்கள். தலைமை காஜியின் அறிவிப்பு வரும்வரை யாருக்கும் தூக்கம் வராது. பிறை தெரிந்தால் அந்த வட்டத்தை அழிக்கட்டும், தெரியாவிட்டால் கோட்டை இணைத்து முழுமையாக்கட்டும். இரண்டில் எது நடந்தாலும் ஒரே அளவு கூச்சல்தான்.

மருதாணியை இலை பறித்து அரைத்தே வையுங்கள். சில நிமிடத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் என்று விற்கும் கூம்புகளில் முடிச்சாயத்தில் போடும் வேதிப்பொருளைச் சேர்ப்பதுண்டு. சின்னக் கைகளில் கொப்புளம் போட்டுத் தழும்பு விழும். அரைத்த இலை செம்மண் நிறத்தில்தான் பிடிக்கும், அதுவே போதும். வாழ்த்து அட்டைகளை மீதிப் பத்திரிகைகளில் செய்யலாம். மணமக்கள் பெயர் இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்து மடிக்க மறக்காதீர்கள். நாங்கள் மறந்துபோய், எதிர்வீட்டு அக்காவுக்கு வேறு யாருடைய திருமணத்துக்கோ அழைப்பு கொடுத்ததுபோல் ஆயிற்று.

ஒரு வேலையை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். முதல் நோன்பன்று திறந்த பேரீச்சம்பழங்களின் கொட்டைகளில் ஐந்தாறை எடுத்துக் கழுவி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டு, அலமாரியில் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பிள்ளை திறந்து பார்த்து, துணி காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்கட்டும். பூஞ்சை கண்டால் கொட்டையைக் கழுவித் துணியை மாற்றுங்கள். தருமபுரிக்குப் பக்கத்தில் அரியகுளத்தில் பேரீச்சைத் தோட்டம் இருக்கிறது, நம் மண்ணிலும் அது வளரும் என்பதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். விதையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது என்பதையும் சொல்லலாம். முளை வர மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். பதப்படுத்திய பழமென்றால் சில கொட்டைகள் முளைக்காமலே போகும். எங்களுக்கு முதல் ஆண்டு பெருநாள் அன்று ஒன்றும் வரவில்லை. மகன் டப்பாவை மூடி, மீண்டும் அலமாரியில் வைத்தான். பதினொரு நாள் கழித்து ஆறில் ஒன்று, வெள்ளையாக, அரை விரல் நீளத்தில் வெளியே வந்திருந்தது. அதனால் பெருநாளோடு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.